பிழையற்ற ஏழு மாதங்கள்

தலைமை அலுவலகத்து ஆள் எதைக் கேட்டாலும் "கொழப்பமில்ல", பிரச்சினை ஒன்றுமில்லை, என்றே பதில் சொல்ல வேண்டும். போடிமெட்டை ஒட்டிய அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எவரும் எழுதி ஒட்டாத, எவரும் மீறாத விதி அது.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அருண்பாண்டிக்கும் அன்று அந்தப் பதிலே போதுமாயிருந்தது. மூன்றாண்டு அலைச்சலில் அவன் களைத்துப் போயிருந்தான்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் மென்பொருள் தராசோடு சேர்ந்து வந்தது. பழைய விண்டோஸ் தவிர வேறெதிலும் ஓடாது. தலைமை அலுவலகத்தினுடையதோ ஜாவாவில் எழுதியது. ஒன்று கூப்பிட்டால் மற்றதற்கு விளங்காது. இரண்டுக்கும் நடுவே நின்று எடைகளை மாற்றிக் கொடுக்கும் இணைப்பு நிரல் ஒன்றை எழுதி, நான்கு தோட்டங்களில் தோற்றிருந்தான். இங்கே மட்டும்தான் அது நிலைத்தது.

இன்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால், திங்கட்கிழமை பதினோரு தோட்டங்களுக்கு அதே நிரல் போகும். அவன் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து.

"எப்படி ஓடுது, யாக்கோபு அண்ணே?"

"கொழப்பமில்ல சாரே" என்றார் தலைமை எழுத்தர் யாக்கோபு. "ஒங்க புரோகிராம் லீவு கேக்காது, யூனியனுக்குப் போகாது. அது மாதிரி இன்னும் ரெண்டு கெடச்சா எனக்கு பிரஷரே வராது."

அடுத்த மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அன்னமேரி நிமிராமலே சொன்னாள்: "பிரஷர் அதனால வரல. கருவாட்டால வருது."

அருண்பாண்டி மடிக்கணினியில் தலைமை அலுவலகப் பதிவேட்டைத் திறந்தான். நிரலுக்கென்று அவன் உண்டாக்கி, அவசரத்துக்கு உதவும் என்று யாக்கோபிடமும் எழுதிக் கொடுத்திருந்த பயனர் பெயரில் ஏழு மாதப் பதிவுகள் வரிசையாக நின்றன. ஒரு பிழைகூட இல்லை.

கொட்டகைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தான். ஜூலையில் ஒரு நாள், சாரல் பட்ட தராசு ஒரே பெண் 210 கிலோ கொழுந்து எடுத்ததாகக் காட்டியிருந்தது. தலைமை அலுவலகத்துக்கோ 21 என்றுதான் போயிருந்தது.

அப்படியொரு சரிபார்ப்பை எழுதியதாக அவனுக்கு நினைவில்லை. எழுதியிருப்பான். உறக்கம் கெட்டு எழுதியவற்றில் எதுதான் நினைவில் நிற்கிறது?

"நல்லாத்தான் எழுதியிருக்கேன், இல்லண்ணே?"

"அதுக்கென்ன சாரே" என்றார் யாக்கோபு, சன்னலைப் பார்த்தபடி.

படிவத்தின் கடைசிக் கட்டம், இனித் தேவைப்படாத பணியிடங்களைக் கேட்டது. 'தட்டச்சர், ஒருவர்' என்று எழுதிவிட்டு, அவன் சங்கடத்தோடு அன்னமேரியைப் பார்த்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஆபீஸ் வேலைய இனிமே புரோகிராமே பாத்துக்கும். ஒண்ணாந்தேதியிலேர்ந்து ஒங்கள மலைக்குக் கொழுந்தெடுக்கப் போட்டுடுவாங்க."

காலையிலிருந்து ஓயாத அன்னமேரியின் விரல்கள் அப்போதுதான் நின்றன.

யாக்கோபு அவசரமாகத் தொண்டையைச் செருமினார். "கொழப்பமில்ல சாரே. அவ போயிக்கிடுவா."

"போறேன்" என்றாள் அன்னமேரி. "மழையும் அட்டையும் எனக்குப் புதுசில்ல. ஆனா ரெண்டாந்தேதி எடைய யாரு அனுப்புவா?"

"நிரல்தான்" என்றான் அருண்பாண்டி, பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே.

"அன்னமேரி, வேண்டாம்ட்டி!" என்றார் யாக்கோபு தணிந்த குரலில்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அது வந்த ரெண்டாம் நாளே நின்னுபோச்சு சாரே. ஏழு மாசமா ஒங்க புரோகிராம் நான்தான்."