பன்னிரண்டு மடங்கு

"இரட்டைச் செயினா? எதுக்கு?"

தனசுக்பாய் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சாமான் வாங்குவதற்கான சீட்டை மறுபடி படித்தார். குஜராத்தின் கோண்டலில் வேர்க்கடலை எண்ணெய் ஆலை ஒன்றுக்கு அவர் மேனேஜர். எதிரே நின்றவன் ஃபிட்டர் ரவ்ஜி.

"மூட்டை ஏத்துற லிப்டுக்கு, சாகேப். பழைய செயின் இழுபட்டு நீண்டுடுச்சு. சக்கரத்துப் பல்லு மேல ஏறி ஏறி உட்காருது. சீசனுக்குள்ள மாத்திடணும்."

"மாத்து, வேண்டாங்கலை. ஒரு அங்குல ஒத்தைச் செயின் இத்தனை வருஷம் இழுத்துதே. இப்ப மட்டும் ரெட்டை எதுக்கு?"

"ஒத்தை போதாது."

"எப்படிப் போதாது? கூண்டும் மூட்டையும் சேர்ந்து எழுநூறு கிலோ. அதுக்கு ஏழு மடங்கு பலம் வேணும்னாலும் அஞ்சு டன்னுதான். ஒத்தைச் செயினே ஆறு டன் தாங்கும். எனக்கும் கணக்குத் தெரியும்பா."

"நான் பன்னிரண்டு மடங்கு வச்சுப் பார்த்தேன்."

"ஏன்?"

ரவ்ஜி விரலில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

செயின் மட்டுமா? இரட்டை என்றால் பல்சக்கரம் இரண்டும் புதிதாக வாங்க வேண்டும். எல்லாம் ராஜ்கோட்டில் ஒரே கடையில். கடையின் பெயரைக்கூட அவனே எழுதியிருந்தான்.

போன மாதம்தான் இவன் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது என்பது தனசுக்பாய்க்குச் சரியாக அப்போது ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே ராஜ்கோட் போய் இறங்கினார்.

"நேராவே கேட்கிறேன் ஜெயசுக்லால். ரவ்ஜிக்கு எவ்வளவு தர்றீங்க?"

கடைக்காரர் தேநீரைச் சாஸரில் ஊற்றியபடி சிரித்தார். "அந்த ஆளுக்கா? டீ குடுத்தாலே யோசிச்சுத்தான் குடிப்பான். விலையைக் குறைங்க குறைங்கன்னு ஒரு மணி நேரம் என் உயிரை எடுத்துட்டுப் போனான்."

"பின்னே எதுக்கு இவ்வளவு பெரிய செயின்?"

கடைக்காரர் சீட்டை வாங்கி, அதில் ரவ்ஜி போட்டிருந்த கணக்கைப் பார்த்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"மூட்டைக்கு நீங்க சொல்ற ஏழு மடங்கு சரிதான். பன்னிரண்டுன்னா, ஆள் ஏறுற லிப்டுக்குத்தான் நாங்க போடுறது. உங்க லிப்டுல ஆளுங்க ஏறுறாங்களா?"

"யார் ஏறுவா? ஏறினா வேலை போயிடும்னு நானே போர்டு எழுதி மாட்டியிருக்கேன்!"

சொல்லிவிட்டாரே தவிர, திரும்பும் வழியெல்லாம் மனம் குடைந்தது. மேல்மாடியில் கடலை பொறுக்கும் பெண்கள் பதினான்கு பேர். செங்குத்தாக நாற்பத்திரண்டு படி. கள்ளத்தனமாக லிப்டில் ஏறுகிறார்கள். ரவ்ஜி அதைப் பொத்திப் பொத்தி வைக்கிறான். அதுதான் விஷயம்.

வந்ததும் வராததுமாக எல்லாப் பெண்களையும் கீழே வரச் சொன்னார்.

"யாரு லிப்டுல ஏறுறது? மரியாதையா சொல்லிடுங்க."

"நாங்களா?" மோங்கிபென் இடுப்பில் கை வைத்தாள். "படியேறிப் படியேறிக் கால் நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கு. காட்டட்டுமா?" என்று புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். கொல்லென்று சிரிப்பு எழுந்தது.

"சிரிக்காதீங்க! ரவ்ஜி, நீ சொல்லு. யாராவது ஏறுறாங்களா, இல்லையா?"

"ஏறுறது நிஜம் சாகேப். பேரைச் சொல்ல மாட்டேன்."

"சொல்லலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. ரவ்ஜி தோளில் தொங்கிய ஸ்பேனர் பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"சரி சாகேப்."

"ஐயோ ரவ்ஜிபாய், சொல்லித் தொலைங்களேன்!" என்றாள் ஜீவிபென். "கல்யாணத்தை வச்சுக்கிட்டு யாருக்காக இப்படி வேலையை விடுறீங்க?"

"நீங்க மேல போங்க ஜீவிபென். எல்லாரும் போங்க."

பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியேறினார்கள். கடைசிக் காலடி அடங்கும்வரை ரவ்ஜி படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேஜைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"இவங்க யாரும் ஏறலை சாகேப். உங்க முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம், சாப்பாட்டு நேரத்துல யாரும் இல்லைன்னு பார்த்து நீங்கதானே ஏறுறீங்க."

இத்தனை நாளும் அதை லிப்டில் ஏறுவது என்றல்ல, மேற்பார்வைக்குப் போவது என்றே நினைத்திருந்தார் தனசுக்பாய். சீட்டில் கையெழுத்துப் போட்டார். ஸ்பேனர் பையை அவன் பக்கம் நகர்த்தினார்.

ரவ்ஜி பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசல்வரை போனவன் தயங்கித் திரும்பினான்.

"புதுச் செயின் வர ஒரு வாரம் ஆகும் சாகேப். அதுவரைக்கும் மட்டும் ஏறாதீங்க. நீங்க மேல போறப்பல்லாம் அந்தப் பழைய செயின் போடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு, நீங்க விழுந்தா பிடிக்கக் கீழ கையை ஏந்தாத குறையா நான் நிக்கிறேன்."