சட்டைப் பை

“பையைத் துழாவிட்டுக் கொடுங்க தம்பின்னு எத்தனை தடவை சொல்றது? இந்தாங்க, போன வாரத்துது.”

லாண்டரிக்காரம்மா ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை நீட்டினாள். உள்ளே ஒரு பேனா மூடியும் பாதி தின்ற இருமல் மிட்டாயும் இருந்தன. மெஷினில் போடுமுன் ஒவ்வொரு பையாகப் பார்த்து, கிடைத்ததைக் கவரில் போட்டு, சலவைப் பொட்டலத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். அடுத்தவர் பொருள் குண்டூசியானாலும் அவளுக்கு வேண்டாம்.

இளம் ஊழியக்காரன் அசட்டுச் சிரிப்போடு வாங்கிக்கொண்டு, அந்த வாரத்து அழுக்கை மேஜை மேல் வைத்தான். எல்லாம் வெள்ளைச் சட்டைகள். கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வேதம் சொல்ல வந்து பதினோரு மாதம் ஆகிறது. தினமும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறான். ஒரு ஈ, காக்கா கூட அவன் சபைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை வந்து பாருங்களேன்.”

“ஆரம்பிச்சுட்டீங்களா? என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆறு வருஷமாச்சு. அவரும் வந்து சமாதானம் பேசலை, நானும் போகலை. அடுத்த திங்கட்கிழமை வாங்க தம்பி, சட்டை ரெடியா இருக்கும்.”

அவன் மூன்று மாடி ஏறி அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தான்.

மூன்று மாதத்துக்கு முன் ஊரில் அம்மா போய்விட்டாள். சபை மேற்பார்வையாளர், “போறதா இருந்தா போயிட்டு வா” என்றுதான் சொன்னார். இவன்தான் பெரிய தியாகி மாதிரி, ஊழியம்தான் முக்கியம் என்று இருந்துவிட்டான். அக்கா போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அப்படி அங்க யாருடா உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க?”

பெயர் சொல்ல ஒரு ஆள்கூட இல்லை. அந்தக் கேள்வி அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அதிலிருந்து யாரையும் ‘அம்மா’ என்று கூப்பிட வாய் வரவில்லை. லாண்டரியில்கூட வெறும் ‘நீங்க’தான்.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. அதற்குள் ஒருவராவது வராவிட்டால் பெட்டியைக் கட்டிவிடுவது, வேதத்தையும் அதோடு மூடி வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை, கூடத் தங்கியிருந்த ஊழியக் கூட்டாளியிடம்கூட.

“எழுந்து சாப்பிடுடா,” என்றான் கூட்டாளி.

“பசிக்கல.”

“பதினொரு மாசமா நீ இந்த ஊர்ல பரப்பினது சளி ஒண்ணுதான். அதுக்காவது மாத்திரை போட வேண்டாமா?”

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஊரார் கதவைத் தட்டியே பழகியவர்களுக்கு, தங்கள் கதவு தட்டப்படுவது விநோதமாக இருந்தது. திறந்தால் லாண்டரிக்காரம்மா, மூச்சிரைக்க நின்றாள்.

“உங்க சபையில சேரணும்னா என்ன செய்யணும் தம்பி?”

அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “நல்லா யோசிச்சுத்தான் கேக்கறீங்களா?”

“ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இழுத்தடிக்க வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமையே வச்சுக்கலாமா?”

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதலை ஒரு சீட்டில் எழுதி நெஞ்சுக்கு நேராகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்; நிறைவேறியதும் கிழித்துவிட வேண்டும். அதையும் இந்த நாட்டு மொழியில்தான் எழுத வேண்டும் என்பது மேற்பார்வையாளரின் உத்தரவு. மொழி பழகட்டுமாம். அவள் போனதும் சீட்டைக் கிழிக்கலாம் என்று பையைத் தடவினான். காணோம். பஸ்ஸில் எங்காவது விழுந்திருக்கும். கிழிக்கிற வேலையையும் ஆண்டவரே பார்த்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டான்.

அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டான். “அக்கா, ஒருத்தங்க வந்துட்டாங்க.”

“சரிடா. அம்மா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா,” என்றாள் அக்கா. மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத் தொட்டியருகே அவள் நடுங்கிக்கொண்டு நின்றாள். “நாள் பூரா தண்ணியிலதான் என் பிழைப்பு. ஆனா கழுத்துக்கு மேல ஏறினா உயிரே போயிடும் தம்பி,” என்றாள். அப்படியும் இறங்கினாள். மேற்பார்வையாளர் முக்கி எடுத்தார். எழுந்தவள் கண்ணை மூடவில்லை, கை கூப்பவில்லை. பல் கிடுகிடுக்க இவன் முகத்தையே பார்த்தாள். இவன் சிரித்த பிறகுதான் அவளும் சிரித்தாள்.

திங்கட்கிழமை சட்டை வாங்கப் போனான்.

“அம்மா,” என்றான். வார்த்தை தானாக வந்துவிட்டது. “கடவுளோட பேச்சுவார்த்தை ஆரம்பிச்சாச்சா?”

“பார்க்கலாம் தம்பி.” அவள் நிமிராமல் பொட்டலத்துக்கு நூல் கட்டினாள். “பையில இருந்ததெல்லாம் கவர்ல போட்டிருக்கேன். நீங்க ஒழுங்கா சாப்பிடுங்க.”

அறைக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தான். கவரில் ஒரு பஸ் டிக்கெட். அதற்கடியில், போன திங்கட்கிழமை சட்டையோடு சலவைக்குப் போய்விட்ட அவனுடைய சீட்டு.

‘ஆண்டவரே, மாதம் முடிவதற்குள் ஒரே ஒருவரை அனுப்பும். இல்லையென்றால் அம்மா சாவுக்குக்கூடப் போகாமல் நான் இங்கே இருந்தது வீண். உம்மை விட்டே போய்விடுவேன்.’

அவன் கசக்கித் திணித்திருந்த அந்தத் தாள், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இஸ்திரி போட்டு மடிக்கப்பட்டிருந்தது.