சத்து ஊசி

திருவாரூர் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் ஹலீமாவுக்கு வேலை. கபடி கோச் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் நீட்டிய சீட்டைப் படித்ததும் அவள் முகம் சுளித்தாள்.

“இது சதை ஏத்துற ஊசி சார். டாக்டர் எழுதாம தர முடியாது. யாருக்கு?”

“டீம்ல ஒரு பொண்ணுக்கு. அடுத்த வாரம் சென்னையில லீக் செலக்‌ஷன். எல்லா டீம்லயும் போடுறாங்கம்மா. நாம மட்டும் யோக்கியமா இருந்தா வெறுங்கையோட திரும்ப வேண்டியதுதான்.”

“பெத்தவங்களுக்குத் தெரியுமா?”

“அவங்க அப்பாதான் வாங்கிட்டு வரச் சொன்னாரு.”

“அவனெல்லாம் ஒரு அப்பனா?” என்று ஹலீமா சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். பஸ்ஸில் வலங்கைமான் வரும்வரை அந்த அருவருப்பு நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

வீட்டு வாசலிலேயே கணவன் சித்தீக் காத்திருந்தான்.

“நம்ம பொண்ணு நுஸைபாவுக்கு ஒரு சத்து ஊசி வேணும் ஹலீமா. செலக்‌ஷன் விஷயத்தை உன்கிட்ட சொல்லல. கோச் திருவாரூர்ல ஏதோ ஒரு கடையில கேட்டாராம். எவளோ ஒருத்தி சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டாளாம். உங்க கடையில கிடைக்குமா?”



அவன் குரலைத் தாழ்த்தினான். “ஏற்கெனவே ரெண்டு போட்டாச்சு. மூணாவது தள்ளிப்போகக் கூடாதாம்.”