புதுக் காவலாளி

“அவனை இன்னைக்கே திருப்பி அனுப்பிடு” என்றான் கணவன், தீவன மூட்டையைக் கீழே போட்டபடி.

“வந்து பத்து நாள்கூட ஆகலை. அதுக்குள்ள என்னவாம்?” என்றாள் மனைவி.

“மூணாவது மூட்டையை வச்சதும் அப்படியே உட்கார்ந்துட்டான். அதட்டினா மூஞ்சியிலேயே துப்புறான்! இவனா ஆடுகளைக் காப்பாத்தப் போறான்?”

பிடிவாதமாக அவனை வரவழைத்தவள் மனைவிதான். போன மாதம் தெருநாய்க் கூட்டம் ஒன்பது ஆடுகளைக் கொன்றிருந்தது. இன்னும் ஒன்று போனாலும் மந்தையை விற்றுவிடுவதாகக் கணவன் சொல்லியிருந்தான்.

அப்போது பட்டியில் ஆடுகள் அலறின. இருவரும் ஓடினார்கள்.

உள்ளே ஐந்து நாய்கள் புகுந்திருந்தன. ஆடுகளெல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கியிருக்க, அவற்றுக்கு முன்னால் நீண்ட கழுத்தை நிமிர்த்தி, காதுகளைப் பின்னுக்கு மடித்து நின்றது அந்த லாமா. கிறீச்சென்று கத்தியபடி பாய்ந்து அது விட்ட ஓர் உதையில் முதல் நாய் உருண்டது. மற்றவை வாலைச் சுருட்டிக்கொண்டு வேலியைத் தாண்டின.

கணவன் ஆடுகளை எண்ணினான். ஒன்றுகூடக் குறையவில்லை. ஓடிப்போய் லாமாவின் கம்பளிக் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

சத்தம் கேட்டு வந்த பக்கத்துப் பண்ணைக்காரர் வாயைப் பிளந்தார். “இது என்னப்பா மிருகம்?”

“லாமாண்ணே! ஒட்டகத்தோட சொந்தம், திமில்தான் கிடையாது. ஆடுகளோட பழகிட்டா தன் குடும்பமாவே நினைச்சுக் காக்கும். நான்தான் தேடிப் பிடிச்சு...”

மனைவி லேசாகத் தொண்டையைச் செருமினாள்.

“என் பொண்டாட்டி தேடிப் பிடிச்சாண்ணே” என்றான் அவன் பெருமையாக. “நான் வேண்டாம்னுதான் சொன்னேன்!”