அளவாக ஒரு பிரசங்கம்

"சட்டையெல்லாம் அளவாத் தைக்கிற. பிரசங்கம் மட்டும் ஏன் தொளதொளன்னு வருது?"

சனிக்கிழமை காலை, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே கணவர் கேட்டார். தையல் மெஷினை மிதித்தபடி மறுநாள் பிரசங்கத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"குறட்டை விடுறவங்களுக்கு அளவு எப்படித் தெரியும்?"

"நான் தூங்கிட்டா கண்ணாடிக்கூட்டை யாரு மூடுறது? நாளைக்கும் நீண்டுச்சோ, மூடிடுவேன். பார்த்துக்க."

சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக்கூட்டைத் தட்டிக் காட்டிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.

ஆறு சபைகளுக்கு ஒரே போதகர். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் இங்கே வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது தையற்கடைக்காரியான இவள்தான். பிரசங்கம் நீண்டால் கடைசி வரிசையில் கணவரின் கண்ணாடிக்கூடு 'டப்'பென்று மூடும். இவளும் ஆமென் சொல்லி முடித்துவிடுவாள். ஊரறிந்த ரகசியம் அது.

திங்கட்கிழமை ஆலயத்தில் ஒரு பஸ் டிரைவருக்கு அடக்க ஆராதனை. நெஞ்சு வலித்தபோதும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தாராம். பயணிகள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. போதகரோ கண் ஆபரேஷனாகிப் படுக்கையில் இருந்தார்.

வாசலிலேயே சபைச் செயலாளர் அவளை மறித்தார்.

"அக்கா, இந்த ஒரு தடவை நீங்க வேண்டாமே. பக்கத்து சபைப் போதகரைக் கேட்டிருக்கேன், வரேன்னுட்டார்."

"ஏன், நான் நடத்தினா மண்ணு ஏத்துக்காதா?"

"அதுக்கில்லக்கா. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"பேசட்டும். அவருக்கு இவரோட முகமே தெரியாது. பேரைத் தாளைப் பார்த்துத்தான் வாசிப்பார். தெரியாத மனுஷனை எப்படி வழியனுப்புறது?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "நடுவுல தொண்டை அடைச்சுக்கிட்டா?"

"ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத் தொடருவேன். வழி விடுங்க தம்பி."

வழி விட்டார்.

முதல் வரிசையில் டிரைவரின் மனைவிக்கென்று ஓர் இடம் காலியாக விட்டிருந்தார்கள். தையற்கடைக்காரி மேடையேறினாள். குரல் பிசிறவில்லை.

"ஓடி வர்றவங்களுக்காக ஒரு நிமிஷம் கூடுதலா நிப்பாட்டி வெச்சவர் இவர். வயசானவங்க இறங்கணும்னா படி நடைபாதையை ஒட்டி வர்ற மாதிரி நிறுத்துவார். எங்க நிறுத்தணும்னு இவருக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டே சபை சிரித்தது. அவள் இன்னும் பேசினாள். சிலர் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்; 'டப்' சத்தம் வரவில்லை. தண்ணீர் டம்ளர் தொடாமலே இருந்தது.

ஆமென் சொல்லி இறங்கியவள், நேராக நடந்து போய் டிரைவரின் மனைவிக்கென்று விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

பிரசங்கம் அன்றும் கொஞ்சம் நீளம்தான்.