விட்ட இடம்

அவள் தயாரித்து வந்தது முதல் யூனிட்.

வேலைக்கான டெமோ வகுப்பு என்றால் எல்லோரும் அதைத்தான் தயாரிப்பார்கள்.

“அது வேண்டாம்மா,” என்றார் பிரின்சிபால். “மூணாவது யூனிட்ல ரெண்டாவது தலைப்பு எடுங்க. பசங்களுக்கே எடுங்க. அப்பத்தான எங்களுக்கும் தெரியும்.”

சிவில் இன்ஜினியரிங் வகுப்பு நிரம்பியிருந்தது. அவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

“இன்னிக்கு மேடமாடா?” கடைசி பெஞ்சில் ஒருவன். யாரோ சிரித்தார்கள்.

அவள் கரும்பலகைக்குத் திரும்பினாள். ஒரு பீம் வரைந்தாள். இரண்டு முனையிலும் தாங்கல். நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பாரம்.

அவ்வளவுதான். கை தானாக ஓட ஆரம்பித்துவிட்டது.

வருடக்கணக்காக நடத்திய பாடம். வேறொரு கல்லூரியில். பிரசவத்துக்கு விடுப்பு கேட்டாள். கொடுத்தார்கள். திரும்பிப் போனபோது அவள் நாற்காலியில் வேறொரு பெண்.

சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கல்லூரியும் ஆள் எடுத்து முடித்துவிட்டன. இது ஒன்றுதான் பாக்கி. இதுவும் இல்லையென்றால் இன்னொரு வருடம் வீடு. அத்தனை இடைவெளி விழுந்தவளை அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

டெமோவில் பத்து நிமிடத்திலேயே ‘போதும்’ என்று கை காட்டுவார்கள்.

பிரின்சிபால் காட்டவில்லை.

கால் மணி நேரம். அரை மணி நேரம். காட்டவேயில்லை.

பிடித்துப்போய்விட்டது!

பால் கட்டி மார்பு கல்லாகிக் கிடந்தது. கேட்டுக்கு வெளியே கணவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருப்பான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அடுத்த வரியை எழுதினாள்.

பிரின்சிபால் எழுந்தார். “கன்டினியூ பண்ணுங்கம்மா.” வெளியே போய்விட்டார்.

வகுப்பு மொத்தமும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது.

அதுதான் உறுத்தியது.

டெமோ வகுப்பில் யாரும் நோட்ஸ் எடுக்க மாட்டார்கள். வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

ஜன்னலோரத்தில் ஒரு பெண் கை தூக்கினாள்.

“மேடம், நேத்து வந்த சார் இந்த ஸ்டெப்பை வேற மாதிரி போட்டாருங்க. எது கரெக்டுங்க?”

“எந்த சார்?”

“இன்டர்வியூக்கு வந்தாருங்களே. அவரு இதுக்கு முந்தின தலைப்பு. அவருக்கு முன்னால ஒரு மேடம், ரெண்டாவது யூனிட்ல மிச்சத்தைக் கடகடன்னு முடிச்சுட்டாங்க. எங்க சார் வேலைய விட்டதுல இருந்து இப்படித்தானுங்க. தெனம் ஒருத்தரு.”

“அவங்கள்ல யாரையும்...”

“யாரும் ரெண்டாந்தடவை வந்ததில்லீங்க.”

“எவ்ளோ நல்லா நடத்தினாலும் சரிங்க மேடம்,” என்றது கடைசி பெஞ்ச். “ஒன் டே மேட்ச்தான்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அவள் சாக்பீஸை மேஜையில் வைத்தாள்.

பையை எடுத்தாள்.

“அடுத்த வாரம் மாடல் எக்ஸாமுங்க,” என்றாள் ஜன்னலோரப் பெண். கெஞ்சவில்லை. சும்மா ஒரு தகவல் போலச் சொன்னாள்.

அவள் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தாள்.

பையை வைத்தாள்.

நேற்றைய ஆள் போட்ட வழியும் சரிதான் என்று காட்டினாள். மேலே போனாள். பீம் எந்த இடத்தில் அதிகமாக வளையும் என்பதைக் கண்டுபிடித்து அடிக்கோடு போட்டாள். எவ்வளவு வளையும் என்பதற்குள் மணி அடித்துவிட்டது.

டஸ்டரைத் தொட்டாள். அழிக்கவில்லை.

வராந்தாவில் பிரின்சிபால் சிரித்த முகத்தோடு நின்றார்.

“அருமைம்மா. மேனேஜ்மென்ட்ல பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்.”

“சரிங்க சார்.”



படிக்கட்டருகே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலர் நனைந்திருந்தது. டை இறுக்கமாக இருந்தது. மடியில் அதே பாடப்புத்தகம். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“டெமோ முடிஞ்சுதுங்களா மேடம்? எனக்கு நாளைக்குன்னாங்க. இன்னிக்கே வந்து பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். காலேஜ் காலேஜா ஏறி எறங்கிட்டேனுங்க. இதாவது அமைஞ்சாப் பரவால்ல.”

அவள் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

வகுப்பறை வாசலில் ஜன்னலோரப் பெண் நின்றிருந்தாள். நோட்டை மார்போடு அணைத்தபடி. அவளையே பார்த்துக்கொண்டு.

அடுத்த வாரம் மாடல் எக்ஸாம்.

அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பக்கங்களைத் தள்ளினாள்.

“இந்தத் தலைப்பைத்தான் கேப்பாங்க,” என்றாள். “கணக்கு பாதியில நிக்குது. இந்த வரியில இருந்து ஆரம்பிங்க. கொஞ்சம் மெதுவாப் போங்க.”

அவர் அவசரமாக அந்தப் பக்கத்தில் பேனாவைச் செருகிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“போட்டிக்கு வந்த எடத்துல யாருங்க மேடம் இப்படியெல்லாம் சொல்லித் தருவாங்க?”