உள்தாழ்ப்பாள்

பேருந்து நிலையத்திலேயே வருஷக்கணக்காகக் கிடந்த செங்கமலத்துக்கு, மனநல இல்லத்தில் தனி அறை கொடுத்தார்கள். அவள் உள்ளே போகாமல் கதவைத் தடவிக்கொண்டே நின்றாள். இதுவரை அவளை அடைத்துவைத்த இடங்களில் எல்லாம் தாழ்ப்பாள் வெளியேதான் இருந்தது. இங்கே வெளிப்பக்கம் வெறும் பலகை.

"தாப்பா எங்கடி?" என்றாள் நர்ஸ் ரெஜினாவிடம்.

"உள்ள இருக்குக்கா. நீங்கதான் போடணும்."

செங்கமலம் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் ரெஜினா மாத்திரையோடு வந்தாள். மாத்திரை தப்பினால் காதுக்குள் பழைய குரல்கள் கிளம்பி, செங்கமலத்தை மறுபடி தெருவுக்கு இழுத்துப் போய்விடும். ஆனாலும் ரெஜினா கதவைத் தட்டிவிட்டுக் காத்து நின்றாள்.

"யாரு?"

"நான்தான்க்கா, ரெஜினா. உள்ள வரலாமா?"

காலடிச் சத்தம் கதவருகே வந்தது.

"என்னையா கேக்குற?"

"வேற யாரக் கேக்க? உங்க வீடாச்சே."

தாழ்ப்பாள் பாதி நகர்ந்து நின்றது.

"இன்னொருவாட்டி தட்டு."